பின்னாசனத்தில் பத்து நிமிடம்

கச்சிமுகம்மதுவின் பழைய மொரிஸ் மைனர் கார், சாய்ந்தமருதுப் பிரதான வீதியில், பெற்றோல் வரிசையின் நடுவில் நின்றது. நாட்டில் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாததால் பெற்றோல் இல்லை. பெற்றோல் இல்லாததால் மனிதர் வீட்டில் இல்லை. வரிசையே வீடாகியிருந்தது. அதிலே உண்டார்கள், தொழுதுவிட்டு வந்து அதிலே உறங்கினார்கள், அதிலே அரசாங்கத்தைத் திட்டினார்கள். பெற்றோல் ஏற்றிய பவுசர் வருகிறது என்ற செய்தி நாளுக்குப் பலமுறை வந்தது. பவுசர் மட்டும் வரவில்லை.

அந்தக் காரின் பின்னாசனத்தில் கச்சிமுகம்மதுவின் மனைவி ஆசியா உம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் ஒரு லெப்டொப்புடன் உட்கார்ந்திருந்தார். அன்று பிற்பகல் கொழும்பில் ஒரு குழு கூடுகிறது. முஸ்லிம் விவாகச் சட்டத்தில் என்ன மாற்றம் வேண்டும் என்று இணையவழியாகப் பெண்களிடமே கேட்கப்போகிறது. ஆசியா உம்மாவுக்கு அதில் பத்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அவர் கேட்கவிருந்தது ஒன்றே ஒன்று. காவின் எனும் திருமண ஒப்பந்தம் எழுதும் நாளில் திருமணப் பதிவுப் புத்தகத்தில் மணமகன் கையெழுத்து வைக்கிறான். பெண்ணின் பொறுப்பாளராகிய வொலி வைக்கிறார். சாட்சிகள் வைக்கிறார்கள். பதிவாளர் வைக்கிறார். யாருடைய வாழ்க்கை எழுதப்படுகிறதோ, அவள் மட்டும் வைப்பதில்லை. அவளும் வைக்க வேண்டும். இதைச் சொல்லப் பத்து நிமிடமே அதிகம் என்று சிலர் நினைக்கலாம். இதைச் சொல்ல அவர் காத்திருந்ததோ முப்பத்தைந்து ஆண்டுகள்.

வீட்டிலிருந்து கதைத்திருக்கலாம். ஆனால் பிற்பகல் முழுவதும் கரண்ட் வெட்டு. வெட்டு வந்தால் அவர்களுடைய குறுகிய ஒழுங்கைக்குள் போன் சிக்னலும் செத்துவிடும். பிரதான வீதியில்தான் ஓரளவு உயிரோடிருக்கும். லெப்டொப், கச்சிமுகம்மதுவின் தங்கை மகள் பஸ்மிலா கொடுத்தது. அதன் சொந்த பெற்றரி எப்போதோ பழுதாகிவிட்டது. வயர் பூட்டியிருக்கும்வரை வேலை செய்யும். வயரைக் கழற்றினால் அந்தக் கணமே அணைந்துவிடும். போனிலேயே கதைக்கலாமே என்றால், கச்சிமுகம்மது அதை ஒருமுறை கடலுக்குள் நழுவவிட்டதிலிருந்து அதன் மைக் வேலை செய்வதில்லை. லெப்டொப்புக்கு இணையம் கொடுக்க மட்டும் அது உதவும்.

"கேக்கும், கதைக்காது" என்று ஆசியா உம்மா அந்தப் போனைக் கண்ணாடி ஓரமாக நிறுத்தினார். "எங்கட ஊருப் பொம்புளையள மாதிரித்தான்."

முன்னாசனத்தில் இருந்த கச்சிமுகம்மது சிரித்தார். "இத எழுதி வெச்சிக்கங்க ஆசியா. பேச்சுக்கு நல்லா எடுபடும்."

"எனக்கு இரிக்கிற பத்து நிமிசத்துல உங்கட பகிடியும் வேணுமா?"

அவ்வேளையில் அழகரெத்தினம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாண்டிருப்பு ஊர்க்காரர், முப்பது வருடத்துக்கு மேலாக ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். இருவரையும் அண்ணன், அக்கா முறையில் காக்கா, ராத்தா என்பார். சைக்கிள் கரியரில் ஒரு இன்வேட்டரும், சுருட்டிய தடித்த வயர்களும் கட்டியிருந்தன.

"ராத்தா, ஒங்களுக்கு எத்தின மணிக்கு?"

"மூணுக்குப் புறகு எண்டு சொன்னாங்க தம்பி. முன்னுக்கு இன்னும் ஆக்கள் இரிக்காங்களாம்."

அழகரெத்தினம் பொனட்டைத் திறந்தார். இன்வேட்டரின் இரண்டு கவ்விகளையும் பெற்றரியின் இரண்டு முனைகளிலும் கடிக்கவிட்டார். அதிலிருந்து ஒரு வயரைக் கண்ணாடி வழியாக உள்ளே இழுத்து, லெப்டொப்பின் சார்ஜரைப் பூட்டினார். சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது.

"பெற்றரி குடுக்கிறது பன்னிரண்டு வோல்ட்" என்றார். "லெப்டொப்புக்கு வேணும் பத்தொம்பது. நேராப் பூட்டினாக் காணாது. அதால இன்வேட்டர் முதல்ல வீட்டுக் கரண்டாக்கும். மறுகா சார்ஜர் அதைக் குறைச்சுப் பத்தொம்பதாக்கும். நடுவில கொஞ்சம் சூடாகி வீணாப் போகும்."

"கல்முனைக்குப் போக அக்கரைப்பற்றச் சுத்திப் போற கதை" என்றார் கச்சிமுகம்மது.

"போய்ச் சேந்தாச் சரிதானே காக்கா. எஞ்சின ஸ்டார்ட்ல விட்டா பெற்றரி இறங்காது. பெற்றோல் எவ்வளவு கிடக்கு?"

"இரிந்தா இஞ்ச ஏன் நிக்கப்போறன்?"

அழகரெத்தினமும் முன்னால் ஏறி உட்கார, மூவரும் ஒரே காருக்குள் இருந்தார்கள். கடைசியாக அப்படி இருந்தது எப்போது? அந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே மூவர் மனமும் அங்கே போய்விட்டது.

அன்று, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இந்தக் காரின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள் பூட்டியிருந்தன. ஒன்று கடலைப் பார்த்திருந்தது, மற்றது வயலைப் பார்த்திருந்தது. மாலையானால் மருதமுனை, நிந்தவூர், ஒலுவில் என்று ஊர் ஊராகப் போவார்கள். அழகரெத்தினம் வண்டி ஓட்டுவார், வயர் பூட்டுவார். சந்தியில் கார் நின்றதும் கச்சிமுகம்மது இறங்கிக் கதவோரம் சாய்ந்து, மைக்கைக் கையிலெடுப்பார். சீதனம் என்ற பெயரில் பெண்ணின் தகப்பனை உரித்தெடுக்கும் கொடுமை எதற்கு? வயது வந்ததும் பெண்பிள்ளையின் புத்தகத்தைப் பறிப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? அவர் குரல் உயரும்போது கடைகளில் தேநீர்க் கோப்பைகள் பாதியில் நிற்கும். எதிர்ப்பவர்களும் கேட்டுவிட்டுத்தான் கல்லெறிவார்கள்.

பின்னாசனத்தின் இருபக்கக் கண்ணாடிக்கும் ஒரு பூச்சேலைத் திரை. திரைக்குள் ஆசியா. காலடியில் மரப்பெட்டிக்குள் பெற்றரி, மடியில் அம்பிளிபயர். கேள்விகளை எழுதியவர் அவர்தான். பேச்சு முழுவதையும் எழுதியவர் அவர்தான். பெற்றரி இறங்கத் தொடங்கினால் குழலில் குரல் சளிபிடித்ததுபோல் அடைக்கும். அந்தக் கணத்தில் திரைக்குள்ளிருந்து ஒரு கை வந்து பேச்சாளரின் சட்டை நுனியை இழுக்கும். ஒரு இழுப்பு என்றால் சுருக்கு. இரண்டு இழுப்பு என்றால் முடி. இரண்டாவது இழுப்புக்குப் பிறகு மூன்றே வாக்கியத்தில் பேச்சை முடிக்கும் வித்தையைக் கச்சிமுகம்மது கற்றிருந்தார். ஊர் அதைப் பேச்சின் அழகு என்று புகழ்ந்தது. அது பெற்றரியின் அளவு என்பது இந்த மூவருக்குத்தான் தெரியும்.

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் காரைதீவுச் சந்தியில் வெறுந்தேத்தண்ணி. ஆண்கள் இருவரும் கடை வாங்கில் பலகையில். ஆசியாவுக்குக் கோப்பை கார்க் கண்ணாடி வழியாக வரும். அப்போது பேசிய பேச்சை மறுபடி பேசுவார்கள். எந்த இடத்தில் சனம் சிரித்தது, எந்த இடத்தில் ஒருவன் எழுந்து போனான், எந்தச் சொல்லை அடுத்த ஊரில் மாற்ற வேண்டும் என்று. உப்புக்காற்றும் பெற்றரி அமிலத்தின் புளித்த வாசமும் கலந்த அந்த மாலைகளில், ஒரு பெற்றரியும் ஒரு குரலும் போதும், உலகத்தைத் திருத்திவிடலாம் என்று மூவரும் முழுமனதோடு நம்பினார்கள்.

மணமகளின் கையெழுத்தைப் பற்றியும் ஒரு பேச்சு எழுதப்பட்டது. துண்டுப்பிரசுரம்கூட நீலத் தாளில் அச்சாகி வந்தது. ஆனால் பேச நாள் வரவில்லை, யுத்தம் வந்தது. தமிழர்களின் பாண்டிருப்பும் முஸ்லிம்களின் சாய்ந்தமருதும் ஒரே வீதியில் இருந்தும் இரண்டு நாடுகளாயின. இந்தப் பக்கம் இறந்தவர்களை இவர்கள் அடக்கினார்கள், அந்தப் பக்கம் இறந்தவர்களை அவர்கள் எரித்தார்கள். குழல்கள் கூரையிலிருந்து இறங்கின. பல வருடம் கழித்து, கல்முனைச் சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டிருந்த அழகரெத்தினத்தைக் கச்சிமுகம்மது குரலைக் கொண்டே அடையாளம் கண்டார். இருவரும் அங்கேயே நின்று அழுதார்கள். மீன்காரன் பொறுமை இழந்து அடுத்தவனுக்கு விற்றுவிட்டான்.

"ராத்தா, அந்தத் திரைச்சேலை என்ன நிறம்?" என்றார் அழகரெத்தினம்.

"ஊதா. ஒங்கட பெண்சாதி தந்தது."

"ஓம், ஓம். அவள் அதைத் தேடித் தேடி என்னைப் பேசினவள். நான் எடுத்துத் தந்தது அவளுக்குத் தெரியாது."

"களவுச் சேலைக்குள்ள இரிந்தா நான் இவ்வளவு காலமும் சீர்திருத்தம் எழுதினன்?"

கார் வரிசைக்குப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில், ஓட்டோக்களின் வரிசை. மொரிஸுக்கு நேர் பக்கத்தில் நின்றது றிஸ்மியின் ஓட்டோ. றிஸ்மி நாற்பது வயதுக்காரர், ஒழுங்கைப் பள்ளிவாசலின் செயலாளர். அவர் தலையை நீட்டினார்.

"என்ன மாமி, லெப்டொப்புக்கும் பெற்றோல் அடிக்கவா கொண்டுவந்திரிக்கீங்க?"

"கொழும்புக்குக் கதைக்கப் போறன் மனே."

"பஸ்மிலா சொன்னாள். பொம்புள கையெழுத்து விசயம்தானே?" றிஸ்மி ஒரு காலை வீதியில் ஊன்றி நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "நான் ஒண்டு கேக்கன். பொம்புளையே கையெழுத்து வெச்சா, மறுகா வொலிக்கு என்ன வேல?"

"சாட்சிக்காரர் வெக்காங்க. வொலிட வேல போச்சா?"

"அது வேற."

"பதிவுகாரர் வெக்கார். வொலிட வேல போச்சா?"

"அதுவும் வேற மாமி."

"எல்லாரும் வெச்சும் போகாத வேல, புள்ள வெச்சா மட்டும் போயிருமா?"

முன்னுக்கு நின்ற ஓட்டோவிலிருந்து ஒருவன் சிரித்தான். றிஸ்மியும் சிரித்தார், ஆனால் தலையை ஆட்டிக்கொண்டே, "இதப் பள்ளிக் கமிட்டியில கதைச்சா நாலு மாசத்துக்கு முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணி கடந்தது. லெப்டொப் திரையில் சிறுசிறு சதுரங்களில் முகங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், புத்தளத்திலிருந்து ஒருவர். ஒவ்வொருவரும் கொடுத்த நேரத்தைத் தாண்டினார்கள். தாண்டாமல் என்ன செய்வார்கள்? நெடுங்காலம் வாய் பூட்டியிருந்தவளிடம் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, எட்டாவது நிமிடத்தில் மணியைப் பார்க்கச் சொல்வது என்ன நீதி? ஆசியா உம்மாவுக்கு அது புரிந்தது. ஆனால் அவருடைய பெற்றரிக்குப் புரியவில்லை.

புத்தளத்துப் பெண் கதைத்துக்கொண்டிருக்கையிலேயே இன்வேட்டர் கூவத் தொடங்கியது. ஒரு கூவல், சிறு மௌனம், மறுபடி ஒரு கூவல்.

"பழைய பெற்றரி" என்று அழகரெத்தினம் காரிலிருந்து இறங்கினார். "பத்துப் பதினஞ்சு நிமிசம் தாங்கும். அதுக்கு மேல இன்வேட்டர் தானா நிண்டுரும்."

"என்னையே இன்னும் கூப்பிடல்லையே தம்பி."

கூட்டத்தில் இணைந்திருந்த பஸ்மிலாவின் செய்தி போனில் வந்தது. இவர் முடித்ததும் இன்னும் ஒருவர், அதற்குப் பிறகு மாமி.

கச்சிமுகம்மது முன்னாசனத்திலிருந்து முழுவதுமாகத் திரும்பினார். கண்களில் பழைய வெளிச்சம். "ஆசியா, இஞ்ச தாங்க. பெற்றரி சாகச் சாகக் கதைச்சு முடிக்கிறது எனக்குக் கைவந்தது. ரெண்டே நிமிசம். நீங்க எழுதினதுட சாரத்த நான் குடுத்திருவன். ஒண்டும் கதைக்காம நிக்கிறத விட அது நல்லந்தானே?"

அதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. இந்த நாட்டில் பெண்ணின் குரலைப் பறித்தவர்களெல்லாம் கெட்டவர்களாக இருந்திருந்தால், அந்தச் சண்டை எப்போதோ முடிந்திருக்கும். நல்லவர்கள், அன்பானவர்கள், நேரம் போதாது என்பதற்காகப் பேசிக்கொடுத்தவர்கள் அல்லவா பெரும்பாலானோர்?

ஆசியா உம்மா லெப்டொப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"என்ட கையெழுத்துக்காக நீங்க கதைச்சா அது வொலி கதைச்ச மாதிரித்தான். பெற்றரி முடிஞ்சா முடியட்டும். உங்களக் கதைக்க உடமாட்டன்."

கச்சிமுகம்மது காரைவிட்டு இறங்கினார்.

ஓட்டோவுக்குள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் றிஸ்மி. "என்ட பெற்றரி புதுசு" என்றார் வீதியைப் பார்த்தபடி. "வேணுமெண்டா பூட்டுங்க."

"நீங்க இதுக்கு மாறான ஆளெல்லுவா மனே?"

"மாறுதான். அதுக்கும் பெற்றரிக்கும் என்ன சம்பந்தம்? தண்ணி கேட்டாக் குடுக்கிறல்லியா?"

இன்வேட்டரைக் கழற்றி ஓட்டோவில் மாட்ட முடியாது. கழற்றும் கணத்திலேயே லெப்டொப் அணைந்துவிடும். ஆகவே இரண்டு பெற்றரிகளையும் வயரால் இணைத்து, புதியது பழையதைத் தாங்கும்படி செய்ய வேண்டும். அழகரெத்தினம் தடித்த வயர்களை எடுத்தார். சிவப்பு வயரைப் பிளசிலிருந்து பிளசுக்குப் பூட்டினார். கறுப்பை ஓட்டோ பெற்றரியின் மைனசில் கடிக்கவிட்டு, மறுமுனையை மொரிஸின் எஞ்சின் இரும்பை நோக்கிக் கொண்டுபோனார். எல்லா வாகனத்திலும் எல்லோரும் செய்வது அதுதான்.

"பொடியில வெக்காதீங்க தம்பி" என்று பின்னாசனத்திலிருந்து ஆசியா உம்மா சொன்னார். "இதுட பொடி பிளஸ்."

அழகரெத்தினத்தின் கை அந்தரத்தில் நின்றது. மற்ற வாகனங்களில் பொடி, அதாவது இரும்பு உடல், மைனசோடு இணைந்திருக்கும். இந்தப் பழைய மொரிஸில் அது தலைகீழ்; உடல் பிளசோடு இணைந்திருந்தது. கறுப்பை வைத்திருந்தால் புதிய பெற்றரி அந்த இடத்திலேயே நெருப்புக் கக்கியிருக்கும். ஒருகாலத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர் அழகரெத்தினம். எத்தனையோ புது வாகனங்களோடு பழகிய கை, பழைய சிநேகிதனின் குணத்தை மறந்துவிட்டது.

"நல்ல வேளை ராத்தா" என்று கறுப்பு முனையை மைனஸ் முனையிலேயே நேராகப் பூட்டினார். இன்வேட்டரின் கூவல் நின்றது. "றிஸ்மி தம்பி, ஒண்டு சொல்றன். இப்ப இந்தப் பொடி பிளஸ், ஒங்கட பொடி மைனஸ். ரெண்டும் முட்டப்படாது. முட்டினா வயர் எரியும்."

"அல்லாட காவல்" என்று றிஸ்மி ஓட்டோவைக் கொஞ்சம் விலக்கினார்.

சற்று நேரத்தில் திரையில் குழுத் தலைவியின் முகம் பெரிதாயிற்று. "கல்முனைப் பக்கத்திலிருந்து ஆசியா உம்மா. உங்களுக்குப் பத்து நிமிடம். தொடங்குங்கள்."

ஆசியா உம்மா தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். "மதிப்புக்குரிய தலைவி அவர்களே, நீதியின் வாசலில் நின்று..." அங்கேயே நின்றுவிட்டார். அந்த வாக்கியம் அவருடையதுதான், அவர் எழுதியதுதான். ஆனால் வேறொருவருடைய வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது. அத்தனை வருடமும் அந்த அளவுக்கே தைத்துப் பழகிய கை, தனக்கென்று எழுதும்போதும் அதே அளவில் தைத்திருந்தது. அவர் தாளை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்தார்.

"மெடம், நான் சும்மா கதைக்கன். என்ட கலியாணத்தண்டு நான் உள் அறைக்குள்ள இரிந்தன். எங்கட வாப்பா முன் ஹோல்ல. 'என்ட மகளக் குடுத்தன்' எண்டு அவர் சொன்ன சத்தம் செவருக்கு அங்கால கேட்டிச்சி. எனக்கு விருப்பந்தான். மாப்புள நல்லவர். இப்பவும் வெளியில நிண்டு என்னப் பாத்துக்கி இரிக்கார்."

கச்சிமுகம்மது சட்டென்று வேறுபக்கம் திரும்பினார்.

அதே நேரத்தில் வரிசையின் முன்பக்கத்தில் ஒரு ஆரவாரம். பவுசர் வந்துவிட்டது. இம்முறை உண்மையாகவே வந்துவிட்டது. உறங்கியவர்கள் எழுந்தார்கள், தேநீர் குடித்தவர்கள் ஓடினார்கள். முன்னால் நின்ற கார்கள் நகர்ந்தன. ஓட்டோ வரிசை அதைவிட வேகமாக நகர்ந்தது. றிஸ்மிக்கு முன்னால் வெற்றிடம் விழுந்தது.

"றிஸ்மி காக்கா, எடுங்க. என்ன நிண்டுக்கி இரிக்கீங்க?" என்று பின்னாலிருந்து குரல்கள்.

றிஸ்மி வயரைப் பார்த்தார். கழற்றினால் போதும், அவர் பாட்டுக்குப் போகலாம். மொரிஸின் இன்வேட்டர் உடனே கூவும், பிறகு நின்றுவிடும். உள்ளே குரல் தொடர்ந்துகொண்டிருந்தது.

"விருப்பமா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. கேட்டிரிந்தா ஓம் எண்டுதான் சொல்லியிரிப்பன். அந்த ஓம் எங்க மெடம்? காவின் பொத்தகத்துல தேடினா இல்ல. விருப்பமில்லாத புள்ளைக்கும் அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்கு. விருப்பமான புள்ளைக்கும் வெறுமையாத்தான் கிடக்கு. ரெண்டு புள்ளையளையும் எப்பிடிப் பிரிக்கிற?"

"பாதியில வெட்டினா வடிவில்ல" என்றார் றிஸ்மி, யாருக்கென்றில்லாமல். இறங்கி ஓட்டோவின் சட்டத்தைப் பிடித்தார். "மாமா, நீங்க காரத் தள்ளுங்க. ஒண்டாப் போவம். கிட்ட வராதீங்க, தூரமும் போகாதீங்க."

கச்சிமுகம்மது ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறுகையால் காரைத் தள்ளினார். பின்வாகனத்து இளைஞர் இருவர் பின்னால் சேர்ந்து தள்ளினார்கள். அழகரெத்தினம் இரண்டு வாகனங்களுக்கும் நடுவே, வயர்களை இரு கைகளாலும் ஏந்தியபடி, இடைவெளியைக் கண்ணால் அளந்துகொண்டே நடந்தார். "இஞ்சால கொஞ்சம். காணும். காக்கா, மெதுவா. முட்டப்போகுது, அங்கால எடுங்க." சகடை போலக் கார் கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தில் ஓட்டோ அதன் வேகத்துக்கு நகர்ந்தது. பின்னாலிருந்த ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றன. ஒன்று, மற்றொன்று, அதற்குப் பிறகு எண்ண முடியாமல்.

"போங்கடா, போங்க" என்றார் றிஸ்மி. வியர்வை தாடியில் வழிந்தது.

"அங்கே ஏதோ இரைச்சல் கேட்கிறது" என்றார் தலைவி.

"பெற்றோல் வரிசை மெடம். காரத் தள்ளுறாங்க. நீங்க கேளுங்க, எனக்கு ஒண்டுமில்ல." ஆசியா உம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவை இருக்கவில்லை. "புள்ள கையெழுத்து வெச்சா வொலிட மரியாத குறையும் எண்டு சொல்றாங்க. எங்கட வாப்பா நல்ல மனிசன். அவர் இப்ப மண்ணுக்குள்ள, கபுறுக்குள்ள இரிந்தும் நான் அவர மதிக்கன். அவர்ட பேருக்குக் கீழ என்ட பேரு இரிந்தா அவருக்கு என்ன குறைஞ்சு போகும்? தான் வளத்த புள்ளைக்கு எழுதத் தெரியும் எண்டு சந்தோசப்பட்டிரிப்பார்."

வெளியே தள்ளிக்கொண்டிருந்த இளைஞரில் ஒருவன் தள்ளுவதை மறந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். "தள்ளு மனே, நின்டுறாத" என்றார் கச்சிமுகம்மது மூச்சு வாங்க. அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இந்தப் பேச்சின் ஒரு வரியையும் அவர் முன்பு கேட்டதில்லை. எங்கே நிறுத்துவாள், எங்கே திரும்புவாள் என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒரு கூட்டத்தில் ஒருவராக நின்று கேட்டார்.

அப்போது முன்னால் கார்கள் நின்றன. மொரிஸும் நின்றது, ஓட்டோவும் நின்றது. நடுவே ஒரு முழம். அழகரெத்தினம் வயர்களைக் கீழே விடாமல் அப்படியே நின்றார்.

"ஆசியா உம்மா, உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றார் தலைவி. "நன்றி. அடுத்தவரை..."

"இன்னும் கொஞ்சம் கிடக்கு மெடம்."

திரையில் தலைவி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். குனிந்து எதையோ எழுதினார். பிறகு பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி. சொல்லுங்கள்."